சோடி மாறி வந்த ஹார்ட் டிஸ்க்குகள் பற்றிய முறைப்பாடு

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.
14.08.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

நான்கு மின்னஞ்சல், பதினொரு தொலைபேசி அழைப்பு, வவுனியாவிலுள்ள உங்கள் கிளைக்கு மூன்று பயணம். இவ்வளவுக்கும் பிறகுதான் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். மின்னஞ்சலுக்கு "உங்கள் கோரிக்கை எமக்கு முக்கியமானது" என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. முக்கியமில்லாத கோரிக்கைகளை என்ன செய்வீர்களோ தெரியாது.

எந்தக் கணினியைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். மே 30ஆம் திகதி பற்றுச்சீட்டுப் போட்டு, கூரியரில் வீட்டுக்கு அனுப்பிய அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி. 17 சென்ரிமீற்றர் சதுர மினி ஐரிஎக்ஸ் மதர்போர்ட், நான்கு டெராபைட் ஹார்ட் டிஸ்க் நான்கு, 140 மில்லிமீற்றர் ஃபேன் ஒன்று. மொத்தம் 318,000 ரூபா. இந்திய வீட்டுத்திட்டத்தில் எங்கள் வீடு கட்டத் தந்த உதவி 550,000 ரூபா. அதில் பாதிக்கு மேல் ஒரு பெட்டிக்குக் கொடுத்திருக்கிறேன். அப்போதைய ரூபா வேறு, இப்போதைய ரூபா வேறு என்பீர்கள். சரி, ஆனாலும் எனக்கு அது ஓய்வூதியக் காசு.

நான் கேட்டது மூன்றே விஷயம். பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், ஏனென்றால் வைக்கிற அறையில்தான் அம்மாவின் கட்டிலும் இருக்கிறது. சத்தம் இருக்கக் கூடாது, ஏனென்றால் அதே அறையில்தான் மைக் வைத்துக் குரல் பதிகிறேன். இடம் நிறைய வேண்டும். உங்கள் விற்பனைப் பிரிவிலிருந்த தம்பி இதை நன்றாகவே விளங்கிக்கொண்டார், அதை மறைக்க மாட்டேன். நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றுகிற டிஸ்க்தான் சத்தமும் சூடும் குறைவு என்றார். டிஸ்க்கைத் தகரத்தோடு நேரே முறுக்காமல் ரப்பர் வளையம் வைத்துப் பூட்டினால் அதிர்வு பெட்டிக்கு ஏறாது என்றார். பெரிய ஃபேன் மெல்லச் சுற்றினாலே போதும், சின்ன ஃபேன்தான் கத்தும் என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. முதல் இரண்டு கிழமையும் அந்தப் பெட்டி ஓடுகிறதா இல்லையா என்று பச்சை விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சுவரிலிருந்த பல்லிதான் அதைவிடச் சத்தம்.

ஒரே ஒரு குறை, நான்காவது டிஸ்க் திரையில் வரவில்லை. அந்த ஒரு குறையைச் சொன்னதுதான் நான் செய்த பிழை.

உங்கள் அழைப்பு நிலையத்தில் தமிழுக்கு 2ஐ அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் எடுப்பவருக்குத் தமிழ் வராது. நான்காவது முறை தமிழ் தெரிந்த ஒரு பிள்ளை வந்தது. "ஒரு டிஸ்க் தெரியவில்லை" என்றதும், அது 1000, 1024 கணக்கு மிஸ், டிஸ்க் செய்கிறவர்கள் 1000ஆல் எண்ணுவார்கள், விண்டோஸ் 1024ஆல் எண்ணும், நான்கு டெராபைட் என்றால் விண்டோஸ் 3.63 என்றுதான் காட்டும், ஒன்றும் குறையவில்லை என்று ஐந்து நிமிடம் விளக்கினார். பிள்ளை, நான் 31 வருடம் கணிதம் படிப்பித்தவள். எனக்கு 0.37 காணாமல் போகவில்லை. முழுசாக ஒன்று காணவில்லை. இதற்குப் பிறகு கதைத்த மூன்று பேரும் அதே 1024ஐத்தான் சொன்னார்கள். கையில் ஒரே ஒரு விடையை வைத்துக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் அதையே எழுதுகிற பிள்ளைகளை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் "டிஸ்க் செத்திருக்கும், கொண்டு வாங்கோ" என்றார்கள். ஜூன் 17, பெட்டியைச் சாரத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாங்குளத்தில் சனம் ஏறியதும் கண்டக்டர் பெட்டிக்கும் ஒரு டிக்கெட் வெட்டினார். அந்த டிக்கெட்டின் பிரதியும் இத்துடன் இருக்கிறது.

இனி உங்கள் கிளையில் நடந்தது. இதற்காகத்தான் உண்மையில் இந்தக் கடிதம். ஒரு காதில் இயர்போனோடு கவுண்டரில் நின்ற தம்பி பற்றுச்சீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கேட்டார்: "பதினாறு டெராபைட்டோ? ரீச்சர், இந்த வயசில உங்களுக்கு இவ்வளவு இடம் என்னத்துக்கு? சீரியல் பாக்கவோ?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை வைத்துவிட்டு வந்தேன். முறிகண்டியில் பஸ் நின்றது, கச்சான் வாங்கினேன், கிளிநொச்சி வரும்வரை சரை பிரிக்காமலே மடியில் கிடந்தது.

அன்று சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன், அந்தத் தம்பிக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு மணித்தியால மினி டி.வி. (DV) வீடியோ கமரா கசட்டை மாற்றினால் 13 ஜிகாபைட். என்னிடம் இருப்பது 210 கசட். 2,730 ஜிகாபைட். கூத்து, கோயில் பொங்கல், கலியாண வீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. பாதி இங்கே சேர்த்தவை, மீதி வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பியவை. கிளிநொச்சியில் ஒரு ஸ்டூடியோத் தம்பிதான் பொறுமையாக இருந்து மாற்றித் தந்தார். அதற்கு மேல் ஐந்து வருடமாக நான் பதிகிற குரல்கள். டிஸ்க்குகளை இரண்டு இரண்டாகச் சோடி சேர்த்தால் பதினாறு எட்டாகும், ஒன்று செத்தாலும் அதன் சோடியில் எல்லாம் இருக்கும். 2009இல் அல்பத்தையும் கசட்டையும் விட்டுவிட்டு உயிரை மட்டும் கொண்டு வந்த சனம் நாங்கள். எங்களிடம் வந்து இவ்வளவு இடம் என்னத்துக்கு என்று கேட்கக் கூடாது. வவுனியாவில் கடை வைத்துக்கொண்டு கேட்கவே கூடாது.

ஜூன் 28 போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன். "எல்லாம் சரி" என்று சீட்டில் எழுதியிருந்தது. வீட்டில் போட்டால் நான்காவது டிஸ்க் அப்போதும் இல்லை. கூடவே ஊமென்ற ஒரு இரைச்சல். பூட்டிய போத்தலுக்குள் வண்டு மாட்டியது மாதிரி, கூடிக் குறைந்து கூடிக் குறைந்து. ரொறன்ரோவில் இருக்கும் மருமகன் வாட்ஸ்அப்பில் பார்த்துச் சொல்லச் சொல்ல நானே பெட்டியைத் திறந்தேன். திறந்தால் வாரண்டி போகும் என்று உங்கள் ஆட்கள் இப்போது சொல்கிறார்கள். ஆனால் இரைச்சலைச் சொன்னபோது ஃபேன் வயரைக் கழற்றிப் பாருங்கோ என்றது யார்? கழற்றியபோது டிஸ்க் சூடு 57 பாகைக்கு ஏறிற்று. அப்படியென்றால் பக்கக் கதவைத் திறந்து வையுங்கோ என்றது யார்? இங்கே கோடையில் கச்சான் காற்று அடிக்கிற அடியில் ஒழுங்கைப் புழுதி முழுவதும் வீட்டுக்குள்தான். மூன்றாம் நாள் போர்ட்டின் மேல் பல்லி படுத்திருந்தது. நீங்களே சொன்னால் திறக்கலாம், நான் திறந்தால் வாரண்டி இல்லையா?

உள்ளே நான் கண்டது இதுதான். ரப்பர் வளையங்கள் பதினாறில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் இரும்போடு இரும்பாக முறுக்கியிருந்தது. டிஸ்க்குகளின் சீரியல் இலக்கங்களை உங்கள் பற்றுச்சீட்டோடு ஒப்பிட்டேன். இரண்டு பொருந்துகின்றன, இரண்டு பொருந்தவில்லை. ஆம் தம்பி, சீரியல்தான் பார்த்தேன்.

மாறி வந்த இரண்டில் ஒன்று 7200 சுற்று. 60ஆல் பிரியுங்கள், செக்கனுக்கு 120. பதிந்த குரலை ஓடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் விரித்துப் பார்த்தால் சரியாக 120 ஹேர்ட்ஸில் அடிமட்டம் வைத்துக் கீறிய மாதிரி ஒரு கோடு ஓடுகிறது. உங்கள் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் "அது கரண்ட் இரைச்சல் மிஸ், உங்கட வீட்டு வயரிங்" என்றார். எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். வயரிங் என்றால் கோடு 50இலும் 100இலும் வர வேண்டும், 120இல் வராது. இதை ஓ.எல். பிள்ளையே சொல்லும்.

மற்றது எஸ்.எம்.ஆர். வகை. அது என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, இருந்தும் தந்திருக்கிறீர்கள் என்பதுதான் என் கோபம். கிடுகு வேய்கிற மாதிரி ஒரு தடத்தின் மேல் மற்றத் தடம் கொஞ்சம் படிய எழுதுவது அது. கூரைக்கு நல்லதுதான். ஆனால் நடுவில் ஒரு கிடுகை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் படிந்த வரிசைகளையும் கிளப்பித் திரும்ப வேய வேண்டும். எழுதத் தொடங்கும்போது செக்கனுக்கு 140 மெகாபைட் காட்டும், கொஞ்ச நேரத்தில் 15க்கு விழும். இராத்திரி போட்ட நகல் விடிந்தும் முடியாது. எப்போதாவது ஒரு பிரதி எடுத்து அலுமாரிக்குள் வைக்கிற வேலைக்கு இது போதும், சோடி கட்டி நாள் முழுதும் ஓட்ட ஆகாது. 2020இல் இதைப் பற்றி உலகம் முழுக்கச் சண்டை வந்து, அப்புறம்தான் எந்த மொடல் எந்த வகை என்று டிஸ்க் செய்கிற நிறுவனங்கள் பட்டியல் போட்டன. உங்கள் பற்றுச்சீட்டில் நான்கும் சி.எம்.ஆர்., அதாவது தடத்தின் மேல் தடம் படியாத வகை, என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறது. இரண்டு மாட்டை ஒரு நுகத்தில் பூட்டினால் நொண்டுகிற மாட்டின் வேகத்தில்தான் மற்றதும் நடக்கும்.

நான்காவது டிஸ்க் ஏன் தெரியவில்லை என்றா கேட்கிறீர்கள்? நீங்கள் கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். இயங்குதளம் இருக்கும் சின்ன எம்.2 சேமிப்பு அட்டையை, ஹார்ட் டிஸ்க்குகள் பூட்டுகிற அதே சாட்டா இணைப்பு வகையில் போட்டிருக்கிறீர்கள். அந்தத் துளையில் சாட்டா வகை போட்டால் நான்காவது சாட்டா இணைப்பு அணைந்துவிடும் என்று போர்டோடு வந்த சின்னப் புத்தகத்திலேயே இருக்கிறது. எழுத்து பொடி, கண்ணாடி போட்டுத்தான் வாசித்தேன். சாட்டாவைத் தொடாத என்விஎம்இ வகை அட்டை ஒன்றை 11,500 ரூபாவுக்கு வாங்கி மாற்றினேன். நான்கும் வந்துவிட்டன. ஆக அந்த டிஸ்க் சாகவே இல்லை. வவுனியாப் பயணமே தேவையில்லை, கழற்றியிருக்கத் தேவையில்லை, மாற்றியிருக்கவும் தேவையில்லை. உங்கள் பெட்டியைப் பற்றி உங்களுக்கே நான் படிப்பிக்க வேண்டியிருக்கிறது. படிப்பித்து ஓய்ந்தவள் நான்.

மூன்றாவது பயணம் ஜூலை 10. அன்று போயா. "போயாவெல்லோ, திறப்பீங்களோ?" என்று இரண்டு தடவை கேட்டேன். "ஓம் மிஸ், நாங்கள் லீவே இல்லை" என்றார் தொலைபேசியில் இருந்தவர். வவுனியாவில் உங்கள் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. ஒரு மணித்தியாலம் பெட்டியோடு படியில் இருந்தேன். பக்கத்துக் கடை வாசலில் நின்ற ஐயா ஒருவர், "இண்டைக்கு ஒருத்தரும் வரமாட்டினம் பிள்ளை" என்று தண்ணீர் தந்து அனுப்பினார். எனக்கு 64 வயது. பிள்ளை என்று கூப்பிட்ட அந்த ஐயாவுக்கு இருந்த மரியாதை உங்கள் கவுண்டரில் நிற்பவருக்கு இல்லை.

இழப்பு என்னவென்று உங்கள் படிவத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, அதற்குள் இது அடங்காது. ஜூலை முதல் கிழமை முள்ளியவளையிலிருந்து பெரியம்மா வந்து இரண்டு நாள் தங்கினார். 84 வயது. அருவி வெட்டுப் பாட்டு, தாலாட்டு, இன்னும் பெயர் தெரியாத நாலைந்து. எல்லாவற்றுக்கும் அடியில் உங்கள் டிஸ்க் இரைகிறது. இரைச்சலை நீக்குகிற வேலையைச் செய்து பார்த்தேன், கோட்டோடு சேர்ந்து குரலின் அடியும் போகிறது. திரும்பப் பாடச் சொன்னால், "ஒருக்காப் பாடினது பாடினதுதான், இனித் தொண்டை வராது" என்கிறார். வன்னியின் ஒரு பரம்பரைப் பாட்டையே உங்கள் நிறுவனம் அழித்துவிட்டது என்றுதான் சொல்வேன். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், கோடி ரூபா தந்தாலும் அந்த இரண்டு நாள் வராது.

சரி. நான் சண்டைக்கு வரவில்லை. உங்கள் விற்பனைத் தம்பி செய்து தந்த பெட்டி நல்ல பெட்டி, அதைத்தான் திரும்பக் கேட்கிறேன். பற்றுச்சீட்டில் உள்ள சீரியல் இலக்க டிஸ்க்குகளே இருந்தால் அவை, இல்லையென்றால் அதே 5400 சுற்று சி.எம்.ஆர். புதியவை இரண்டு. ரப்பர் வளையம் பதினாறு. எம்.2 செலவு 11,500. பயணச் செலவு 4,380, அதாவது சீட்டு உள்ளவை மட்டும், கச்சானைச் சேர்க்கவில்லை. ஆள் வீட்டுக்கு வந்து மாற்றித் தர வேண்டும், நான் இனிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏ9 வீதியில் திரிய மாட்டேன். அந்தக் கவுண்டர்த் தம்பி தன் கையால் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். இதில் எதை விட்டாலும் கடைசியை விட மாட்டேன்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் முறைப்பாடு செய்ய, விற்ற நாளிலிருந்து மூன்று மாதம் இருக்கிறது. எனக்கு இன்னும் பதினாறு நாள். அந்த அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து எப்படி எழுதுவது என்று ஏற்கெனவே கேட்டுவிட்டேன். அங்கே தமிழில் கதைத்தார்கள். முறைப்பாடு எழுதி, பிரதிகளோடு உறையில் போட்டு, முத்திரை ஒட்டாமல் வைத்திருக்கிறேன். ஒட்ட வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆகஸ்ட் 25 வரை பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
வட்டக்கச்சி.

இணைப்பு: பற்றுச்சீட்டு, ஜூன் 28 சீட்டு, டிஸ்க்குகளின் படங்கள் நான்கு, பஸ் டிக்கெட்டுகள் (பெட்டிக்கு வெட்டியது உட்பட).

பி.கு.: இதற்குப் பதில் எழுதுபவர் 1000, 1024 கணக்கை விளக்க வேண்டாம்.