ஏத்தாப்பூர் குளவிக்கு விலை உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகப் பிரச்சினைகளுக்குப் புதுவழிகளில் தீர்வு காணும் சமூகத் தொழில்முனைவோர் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மதுரையில் 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், பெண்களுக்கான மலிவு விலை மாதவிடாய் அணையாடை இயந்திரத்தை உருவாக்கி 2016-இல் பத்மஸ்ரீ பெற்ற கோவை முருகானந்தமும் அதில் இடம்பெற்றது பொருத்தமே. ஆனால் கட்டுரை முழுவதிலும் ஓர் எண்ணம் சொல்லாமலே ஓடுகிறது. தீர்வு என்றால் அதை யாராவது உற்பத்தி செய்து, விலை வைத்து விற்க முடிய வேண்டும் என்பதே அது. சேலம் மாவட்டத்தில் மரவள்ளி பயிரிடுகிறவன் என்ற முறையில் இதற்கு மாறான ஓர் அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

கேரளத்தில் 2020-இல் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி வெகு விரைவில் சேலம், நாமக்கல், தருமபுரி பகுதிகளுக்கும் பரவியது. குருத்து இலைகள் சுருண்டு, நுனி கொத்துக் கொத்தாகக் குறுகி, செடி வளர்ச்சி நின்றுபோனது. ஜவ்வரிசி ஆலைகளை நம்பியிருக்கும் எங்கள் பக்கத்தில் கிழங்கு விளைச்சல் விழுந்தால் ஆலைத் தொழிலாளி முதல் லாரிக்காரர் வரை அனைவரும் விழுவார்கள். மருந்துக் கடைகளில் சொன்னதையெல்லாம் அடித்துப் பார்த்தோம். பூச்சி இலைச் சுருளுக்குள் ஒளிந்துகொண்டதால் பெரும்பாலும் பணந்தான் கரைந்தது.

இதே பூச்சி 1970-களில் தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கோடிக்கணக்கான மக்களின் அன்றாட உணவான மரவள்ளியை அழித்துக்கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஹெரன் என்ற பூச்சியியலாளர், நைஜீரியாவிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் இருந்தபடி, அந்தப் பூச்சியின் பிறப்பிடத்திலேயே அதன் இயற்கை எதிரியைத் தேடும் பணியை முன்னின்று நடத்தினார். பராகுவேயில் கிடைத்தது அனகைரஸ் லோபேசி என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் அது முட்டையிடும். பொரித்து வரும் புழு அந்தப் பூச்சியையே தின்று வளரும். 1981-இல் நைஜீரியாவில் முதன்முதலாக விடப்பட்ட இக்குளவி பின்னர் ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கும் பரவிப் பூச்சியைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. 1995-இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம், மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினில் இருந்து அதே குளவியை வரவழைத்துப் பெருக்க, 2022 மார்ச்சில் எங்கள் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது.

இந்தத் தீர்வை எந்தத் தொழில்முனைவோராலும் விற்றிருக்க முடியாது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். என் வயலில் விட்ட குளவி பக்கத்து வயலுக்கும் பறந்துபோகும். அங்கே இருப்பவர் காசு கொடுத்தாரா என்று அது பார்ப்பதில்லை. ஒருமுறை நிலைத்துவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி வாங்க வேண்டியதும் இல்லை. முதலீட்டாளருக்கு இதைவிடப் பயனற்ற சரக்கு வேறு இருக்காது. எங்களுக்கோ இதைவிட நல்லது வேறு கிடைத்திருக்காது. இதைச் சாத்தியமாக்கியவை அரசுப் பணத்திலும் பன்னாட்டு நன்கொடையிலும் இயங்கும் ஆய்வு நிலையங்களே.

இதனால் தொழில்முனைவே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ளக்கூடாது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைப் போல, ஒன்றைச் செய்து தரம் பார்த்து ஆள்தோறும் கொண்டுசேர்க்க வேண்டிய இடத்தில் அந்த முறை சிறப்பாகவே பலன் தருகிறது; 1992-இல் அரவிந்த் தொடங்கிய ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனம், இறக்குமதி லென்ஸின் விலையை உடைத்ததால்தான் ஏழைகளுக்கும் அது எட்டியது. ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன்கள் இங்குப் பல ஆலைகளில் வந்துவிட்டன, ஏனென்றால் எரிபொருள் செலவு மிச்சமாகிறது. வாயு எடுத்தபின் மிஞ்சும் நீரைச் சுத்தம் செய்வதில் ஆலைக்கு வரவு ஏதும் இல்லை. அந்தப் பாதிக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்டிப்புத்தான் வேண்டியிருக்கிறது. ஒரே குழாயில் வரும் ஒரே நீரில் சந்தை எதுவரை செய்யும், எங்கே நின்றுவிடும் என்பது இவ்வளவு தெளிவாக வேறெங்கும் தெரியுமா என்பது ஐயமே. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-இல் சேலம் மக்கள் குழு தூர்வாரி மீட்டதிலும் விற்பனைக்கு எதுவும் இருக்கவில்லை.

விலை வைக்கக் கூடாத இடத்தில் விலை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நுண்கடன் சான்று. கடன் வாங்கும் பெண்களே பெரும்பங்கு உரிமையாளர்களாக இருக்கும் வங்கதேசத்துக் கிராமின் வங்கியின் பெயரைச் சொல்லி வளர்ந்த இத்தொழிலில், லாபமே குறியான நிறுவனங்கள் புகுந்தபின் 2010-இல் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கத் தமிழக அரசும் 2025-இல் சட்டம் இயற்றியிருக்கிறது. வாரத் தவணை நாளில் குழுக்காரர்கள் வாசலில் வந்து உட்காரும் தெருக்கள் எங்கள் ஊரிலும் உண்டு. தங்கள் கட்டுரை நுண்கடனை வெற்றிக்கதையாக மட்டும் இரண்டே வரிகளில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது.

ஆகவே இத்தொடரின் அடுத்த பகுதியில் பேட்டி காணும் ஒவ்வொருவரிடமும், பணம் கொடுக்க இயலாதவருக்கு இந்தத் தீர்வு எப்படிச் சேரும், லாபம் யாருக்குப் போகும் என்ற இரண்டையும் கேட்டு வெளியிட வேண்டுகிறேன். ஏத்தாப்பூருக்கும் ஒரு செய்தியாளரை அனுப்புங்கள். பூச்சிக்கொல்லி அடித்தால் இந்தக் குளவியும் சேர்ந்து செத்துவிடும் என்பது இன்னும் பல விவசாயிகளுக்குத் தெரியவில்லை. மருந்து விற்க ஊருக்கு ஊர் முகவர் இருக்கிறார். குளவிக்காகப் பேச யாரும் இல்லை. அந்த ஆராய்ச்சி நிலையத்தாரிடமே விவரம் கேட்டு, அடுத்த நடவுக்கு முன்னதாக ஒரு பக்கம் ஒதுக்கினால் எங்கள் பகுதிக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மரவள்ளி விவசாயி ஒருவர்,
பெத்தநாயக்கன்பாளையம், சேலம் மாவட்டம்.