சொல்லாமல் இருந்தவர்களைப் பற்றி, மகளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கே எல்லாரும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததும் அம்மா அடுப்பங்கரையில் போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். "எந்த ஊர்லடி இருக்கே?" என்று அவள் கேட்டதில் தப்பில்லை. "சொல்லக்கூடாதும்மா" என்று நீ சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது உன் குரல் ஏதோ குற்றம் செய்தவள் குரல் மாதிரி இறங்கிப்போனது. அது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நவஹோ கோட் டாக்கர்ஸ் பற்றி, மத்தியப் பிரதேசத்து மௌவில் உங்கள் ராணுவச் சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) பயிற்சியில் ஒரு வகுப்பாவது எடுத்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காகத் தங்கள் தாய்மொழியிலேயே ரகசியச் சங்கேதம் செய்து சேதி அனுப்பிய, நவஹோ என்னும் அமெரிக்கப் பழங்குடி வீரர்கள். எனக்கு அவர்கள் மேல் ரொம்ப நாளாகவே ஒரு பிரியம். 2014 ஜூனில் செஸ்டர் நெஸ் என்பவர் 93 வயதில் போய்ச் சேர்ந்தார் என்று படித்த அன்று, நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் போனது போலத்தான் இருந்தது. முதலில் சேர்ந்த 29 பேரில் கடைசியாக மிஞ்சியிருந்தவர் அவர்.

தந்தி ஆபீஸில் காலம் தள்ளியவன் என்பதால் அந்தச் சங்கேதம் அமைந்த விதம்தான் என்னை முதலில் இழுத்தது. வானொலியில் நவஹோ பேசினார்கள், எதிரிக்குப் புரியவில்லை, அவ்வளவுதான் கதை என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் கதை. நவஹோக்களுக்கு நடுவே வளர்ந்த ஒரு பாதிரியார் மகன், பிலிப் ஜான்ஸ்டன், 1942 தொடக்கத்தில் இந்த யோசனையோடு கடற்படைப் பிரிவான மரீன்களிடம் போனார். மே மாதம் 29 இளைஞர்களைச் சேர்த்தார்கள். கலிபோர்னியாவில் ஒரு முகாமில் உட்கார்ந்து அந்தப் பையன்களே சொல் சொல்லாகக் கோத்தார்கள். அவர்கள் மொழியில் டாங்கிக்குப் பேர் கிடையாது, ஆமைக்கு உண்டு. ஆமையே டாங்கி ஆனது. நீர்மூழ்கிக்கு இரும்பு மீன். சண்டை விமானத்துக்கு, நம் தேன்சிட்டு மாதிரி பூவுக்குப் பூ நின்று பறக்கும் அவர்கள் ஊர்ச் சின்னக் குருவியின் பேர். கையெறி குண்டுக்கு உருளைக்கிழங்கு, விமானம் போடும் குண்டுக்கு முட்டை. ஆட்டுக்குப் பின்னால் நடந்து வளர்ந்த பிள்ளைகள், கண்ணால் கண்டதை வைத்தே போருக்கு ஓர் அகராதி செய்துவிட்டார்கள்.

அமெரிக்காவுக்கு என்ன பேர் வைத்தார்கள் தெரியுமா? "நம் அம்மா". 1864இல் அவர்கள் பாட்டன்மார்களைத் துப்பாக்கி முனையில் நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கொண்டுபோய், பாஸ்க் ரெடோண்டோ என்ற பொட்டல்காட்டில் 1868 வரை அடைத்து வைத்திருந்த அதே நாடுதான். செஸ்டர் நெஸ் சிறுவனாக விடுதிப் பள்ளியில் இருந்தபோது, தாய்மொழி பேசியதற்காக வாயில் சோப்பைப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். "செஸ்டர்" என்ற பேரே அந்தப் பள்ளி வைத்ததுதான். சோப்புப் போட்டுக் கழுவப் பார்த்த அந்த மொழியைத்தான் அரசாங்கம் பிறகு அவரிடம் கைநீட்டிக் கேட்டது. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலில் இல்லாத ஊர்ப்பேர், ஆள்பேர் வந்தால் எழுத்துக் கூட்டித்தானே சொல்லியாக வேண்டும்? ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரு சொல். ஜப்பானின் இவோ ஜிமா தீவில் சுரிபாச்சி மலை இருக்கிறதல்லவா, அதை இப்படி அனுப்பினார்கள்: செம்மறி, மாமன், கிடா, பனிக்கட்டி, கரடி, எறும்பு, பூனை, குதிரை, அரிப்பு. இவற்றின் ஆங்கிலப் பேர்களில் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கோத்தால் மலையின் பேர் வரும். பனிக்கட்டியும் அரிப்பும் ஒரே எழுத்து, கவனித்தாயா? அடிக்கடி வரும் எழுத்துக்கு இரண்டு மூன்று சொல் வைத்திருந்தார்கள். எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்த்து உடைக்கலாம் என்று நினைப்பவனுக்கு அங்கேயே கதவு சாத்தியாயிற்று. அந்த "மாமன்" என்ற சொல், ஆங்கில அங்கிள் மாதிரி பொத்தாம்பொதுவானதும் இல்லை. அவர்கள் மொழியில் அது தாய்மாமன். நம்மைப்போல அவர்களுக்கும் தாய்மாமனுக்குத் தனிச்சொல் உண்டு என்று தெரிந்த அன்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளுக்கும் சந்தோஷம்.

இதெல்லாம் போர்முனையில் எந்தத் தாளிலும் கிடையாது. முழுக்க மனப்பாடம். இருநூறு சொல் அளவில் தொடங்கி, போர் முடிவதற்குள் நானூறைத் தாண்டிவிட்டது. மூன்று வரிச் சேதி ஒன்றை இயந்திரத்தில் போட்டு அனுப்பிப் பிரித்தெடுக்க அரை மணி நேரம் ஆன காலத்தில், இவர்கள் 20 விநாடியில் முடித்துக் காட்டினார்கள். நாங்களும் கல்யாண வாழ்த்துக்கு ஒரு எண், தீபாவளி வாழ்த்துக்கு ஒரு எண் என்று வைத்துத் தந்தி அடித்தவர்கள்தான். புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அடித்ததிலேயே எத்தனை பிழை வந்திருக்கிறது! இவோ ஜிமாவில் முதல் இரண்டு நாளில், ஆறு பேர் கண் அசராமல் 800 சேதிக்கு மேல் அனுப்பியும் வாங்கியும் இருக்கிறார்கள். ஒன்றில்கூடப் பிழை இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் அந்தத் தீவைப் பிடித்தே இருக்க முடியாது என்று ஹோவர்ட் கானர் என்ற சிக்னல் அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். உன் மாதிரி ஓர் அதிகாரிதான் அவரும்.

ஜோ கியூமியா என்ற நவஹோ சிப்பாய் பிலிப்பைன்ஸில் ஜப்பானியர் கையில் சிக்கியிருந்தார். சங்கேதம் கற்காதவர். வானொலியில் பிடித்த பேச்சை அவர் முன்னால் வைத்து, அர்த்தம் சொல் என்று சித்திரவதை செய்தார்கள். தாய்மொழிதான். ஆனால் ஆமை, உருளைக்கிழங்கு, முட்டை என்று கோவையில்லாத சொற்கள்தான் காதில் விழுந்தன. அவரால் என்ன சொல்ல முடியும்?

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன், கண்ணு. 1945இல் போர் முடிந்து வீடு திரும்பியவர்களிடம், இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ரகசியம் என்ற முத்திரையை 1968இல்தான் எடுத்தார்கள். 23 வருஷம். அதற்குள் எத்தனை தாய் தகப்பன், பிள்ளை என்ன வேலை பார்த்தான் என்று தெரியாமலே கண்ணை மூடியிருப்பார்கள்! அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் இவர்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததே 1948இல்தான். முதல் 29 பேருக்கு 2001இல் தங்கப் பதக்கம் கொடுத்தபோது உயிரோடு இருந்தவர்கள் ஐந்தே பேர்.

சொல்லக்கூடாத சேதியைச் சுமப்பது எனக்கும் கொஞ்சம் தெரியும். உனக்கு இதுவரை சொன்னதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், நம் எதிர்வீட்டுக்காரர் பேருக்கு ஒரு தந்தி வந்தது. வெளியூரில் வேலை பார்த்த அவர் மகன் தவறிப்போன சேதி. வாங்கி எழுதியது என் கை. பட்டுவாடா செய்பவர் வேறு பக்கம் போயிருந்தார். சாப்பாட்டு வேளைக்கு வீட்டுக்கு வந்தால், அவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். தந்தியில் இருப்பதை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். சோறு இறங்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தெருவில் சைக்கிள் மணி கேட்டது. உன் பாட்டி என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

செஸ்டர் நெஸ் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. குவாடல்கனல் தொடங்கிப் பல தீவுகளில் சண்டை பார்த்துவிட்டு வந்தவருக்கு ராத்திரி தூக்கம் இல்லை. செத்துப்போன எதிரிகள் கனவில் வந்தார்கள். வீட்டார் அவருக்காக "எதிரி வழி" என்கிற சடங்கை ஏற்பாடு செய்தார்கள். போரிலிருந்து வந்தவன் மேல் ஒட்டியிருப்பதை நீக்கி, அவனைப் பழையபடி தன் மனிதர்களோடு சேர்ப்பதற்கான சடங்கு அது. நாள்கணக்கில் நடக்கும், பாட்டு உண்டு, உறவெல்லாம் கூடும். அவர் வானொலியில் என்ன பேசினார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலேதான் அவரைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் உனக்கு அனுப்ப வத்தக்குழம்புப் பொடி வறுத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கடிதத்தோடு பார்சலில் வரும். முகவரி எண் மட்டும்தான், ஊர்ப்பேர் கிடையாது என்று தபால் ஆபீஸில் அவளே கவுண்டர் பிள்ளைக்கு விளக்கம் சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

இனிமேல் ஊர் கேட்கமாட்டாள். சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்த்திக்கொள்கிறாயா என்று கேட்பாள். அதற்கு மட்டும் உண்மையைச் சொல். லீவில் வந்து, பேசப் பிடிக்காமல் இரண்டு நாள் மொட்டை மாடியிலேயே உட்கார்ந்திருந்தாலும் எங்களுக்கு ஒன்றும் இல்லை. நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அப்புறம், நீ மூன்றாவது படிக்கும்போது சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் மோர்ஸ் தட்டிக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? சேதி கிடைத்தது என்பதற்கு ஒரே எழுத்து, ஆர். சின்னது, பெரியது, சின்னது. பார்சல் வந்ததும், அடுத்த முறை பேசும்போது போனில் அதை விரலால் தட்டு. ஸ்பீக்கரில் போட்டிருப்பேன், அம்மாவும் கேட்கட்டும்.

அன்புடன்,
அப்பா