மாத்திரையைப் பள்ளியிடம் மறைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடைத்தாள் கைக்கு வந்து, பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும் நாட்களில்தான் சேலத்தில் பல வீடுகள் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும்) என்ற பெயரையே முதன்முதலாகக் கேட்கின்றன. பிறகு டாக்டர், பரிசோதனை, மாத்திரைச் சீட்டு. அதோடு வீட்டில் இன்னொரு முடிவும் எடுக்கப்படுகிறது: ‘ஸ்கூல்ல மூச்சு விடக் கூடாது.’ பிள்ளைக்குப் பட்டப்பெயர் விழும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் இந்த மருந்தைப் பள்ளிக்குத் தெரியாமல் சரியாகக் கொடுக்கவே முடியாது.

சர்க்கரைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். இதற்கு ரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. 12 வயதுக்கு முன்பே தொடங்கியதா, ஆறு மாதமாவது நீடிக்கிறதா, வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரிகிறதா என்று விசாரித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். மாத்திரையின் அளவையும் அப்படித்தான் முடிவு செய்கிறார்கள். இதற்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தைப் பொதுவாக 5 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றுவார்கள். சாதாரண மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் அடங்கிவிடும். காலை எட்டரைக்குப் போட்டால் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது முடிந்திருக்கும். அவ்வளவு நேரமும் பிள்ளை வகுப்பில் இருக்கிறது. அம்மா பார்ப்பதோ மருந்து இறங்கிய பிறகு எரிச்சலும் அழுகையுமாக வீடு திரும்பும் பிள்ளையை. ‘மாத்திரை கேக்கவே இல்ல டாக்டர், முன்னைக்கு இப்ப மோசம்’ என்கிறார். வேலை செய்த மருந்து நிறுத்தப்படுகிறது, அல்லது தேவையில்லாமல் ஏற்றப்படுகிறது.

வகுப்பாசிரியரிடம் நீண்ட அறிக்கை கேட்க வேண்டாம். ஒரு 40 பக்க நோட்டு போதும். நாளுக்கு நான்கு வரி: இரண்டாம் பீரியடில் கொடுத்த பத்துக் கணக்கில் எத்தனை முடித்தான், எத்தனை தடவை எழுந்து போனான், மதியம் எவ்வளவு சாப்பிட்டான், கடைசி பீரியடில் எப்படி இருந்தான். மாத்திரைக்கு முந்தைய ஒரு வாரத்தையும் எழுதி வைத்தால்தான் ஒப்பிட முடியும். முதல் மாத்திரையைச் சனிக்கிழமை காலையில் கொடுத்து, இரண்டு நாள் வீட்டில் கவனித்துவிட்டுத் திங்களன்று அனுப்புங்கள். தேர்வு வாரத்திலும் ஆண்டுவிழா ஒத்திகை நடக்கும் வாரத்திலும் தொடங்காதீர்கள். எந்த மாற்றம் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அளவு கூடிவிட்டாலும் அந்த நோட்டே சொல்லிவிடும். பிள்ளை சிரிக்காமல், யாரோடும் பேசாமல், கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும். ‘இப்பத்தான் அடங்கியிருக்கான்’ என்று அதைப் பாராட்டாதீர்கள். டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டிய நேரம் அது.

பசியின்மைதான் நாங்கள் அதிகம் கேட்கும் புகார். டிபன் பாக்ஸைத் திறந்தால் தயிர்சாதம் நான்கு ஓரமும் காய்ந்து, கரண்டி படாமல் இருக்கும். காலைச் சாப்பாடு முடிந்த பிறகு மாத்திரை கொடுப்பதே இதற்கு வழி. பிள்ளை அரசுப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் சாப்பிடுவதாக இருந்தால், வீட்டில் ஏழு மணிக்கே மாத்திரையைக் கொடுத்து அனுப்பாதீர்கள். பள்ளியில் போடும் பொங்கலைத் தொடாது. ஆசிரியருக்கு விஷயம் தெரிந்திருந்தால் சாப்பிட்டபின் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். சாயங்காலம் பசி பிடுங்கித் தின்னும். அப்போது தட்டுவடை செட்டு வாங்கிக் கொடுத்து வயிற்றை அடைக்காமல் சோறும் முட்டையும் போடுங்கள். படுக்கும்முன் பாலும் பழமும் கொடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் பார்த்துக் குறிக்க வேண்டும். அளவு மாற்றும்போதெல்லாம் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீரென மாரடைத்து இறந்தவர் இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நீண்ட நேர மாத்திரையை இடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கம் ஆபத்தானது. பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும். காலையில் மறந்துவிட்டால் சாயங்காலம் கொடுக்காதீர்கள். ராத்திரி தூக்கம் போய்விடும். ஏ.டி.எச்.டி.க்கே கொடுக்கும் அடோமாக்செடின் என்ற மருந்து வேறு வகை. அதன் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாளே கேட்கவில்லை என்று நிறுத்தினால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். ஆனால் கண் மஞ்சளித்தாலோ, ‘செத்துப் போறேன்’ என்ற பேச்சு வந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

மெத்தில்ஃபெனிடேட், சட்டத்தில் கூடுதல் கட்டுப்பாடுள்ள ‘எக்ஸ்’ அட்டவணை மருந்து. தனி உரிமம் உள்ள மெடிக்கலில்தான் கிடைக்கும். சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் 2 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும் என்பது சட்டம், உங்கள் மேல் சந்தேகமல்ல. ஏழு மாத்திரை மீதமிருக்கும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு செய்யுங்கள். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து ‘ஸ்டாக் இல்லை’ என்று கேட்டுத் திரும்புவதைவிட முதலில் ஒரு போன் போடலாம். மலையில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் மாத்திரை வார்டனின் பூட்டிய அலமாரியில், தினமும் எண்ணிக் குறித்தபடி இருக்க வேண்டும். பிள்ளையின் டிரங்குப் பெட்டியில் இருக்கவே கூடாது.

ஆசிரியர்களிடம் சில வேண்டுகோள். மாத்திரை உட்கார வைக்கும். எழுத்துக்கூட்டக் கற்றுத் தராது. கவனம் வந்த பிறகும் வாசிப்பு தடுமாறினால் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கலாம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னலுக்கும் வாசலுக்கும் தள்ளி முன் பெஞ்சில் இடம் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்லுங்கள். தண்டனையாக பி.டி. பீரியடைப் பிடுங்காதீர்கள், ஓடி ஆடுவது இந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு மாதிரி. மதிய மாத்திரை இருந்தால் தலைமையாசிரியர் அறையில் வைத்து, விழுங்கும் வரை ஒருவர் கூட நிற்கட்டும். கொஞ்சம் சத்தம் போட்டதுமே, ‘டேய், இன்னைக்கு மாத்திரை போட்டியா இல்லியா?’ என்று வகுப்பு நடுவே கேட்காதீர்கள். நாற்பது தலை ஒரே சமயத்தில் திரும்பும். மறுநாள் முதல் அந்தப் பிள்ளை மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வாஷ்பேசினில் துப்பும். கேட்டே ஆக வேண்டுமென்றால் பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்து கேளுங்கள்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் இருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.