தலைமை நாற்காலியும் தளபதிகளும்

மண்டபம்

அன்புள்ள சேதுராமன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீங்கள் மறுபடியும் நாளிதழ் படிக்கத் தொடங்கிவிட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் இத்தனை ஆண்டுகளாகக் கூடிப் பேசி பர்மாவில், அதாவது இன்றைய மியன்மாரில், என்னதான் சாதித்தது என்று கேட்டிருந்தீர்கள். ரங்கூனில் பிறந்து, தளபதி நெ வின்னின் இராணுவ ஆட்சியில் கடையையும் வீட்டையும் பறிகொடுத்த பெற்றோருடன் சிறுவயதில் கப்பலேறி வந்தவர் நீங்கள். உங்களுக்கு அந்தக் கோபம் வரத்தான் செய்யும். உங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த நூறு கியாட் நோட்டை ஒருமுறை எனக்குக் காட்டினீர்கள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் நைந்து, அரிசி மூட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த வாசனைகூடப் போகாமல் இருந்தது. 1964-இல் ஒரே அறிவிப்பில் செல்லாததாகிவிட்ட அந்த நோட்டை அவர் கடைசிவரை தூக்கி எறியவில்லை என்றீர்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஆசியான் சாதித்தது கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தையும் அது சாதித்தது, அந்நாட்டை ஆளும் இராணுவத் தளபதிகள் விரும்பிய ஒன்றைக் கொடுக்க மறுத்த நேரங்களில்தான்.

1997 ஜூலையில் மேற்கத்திய நாடுகளின் எதிர்ப்பையும் மீறி மியன்மாரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டபோது, உள்ளே இழுத்து அணைத்துக்கொண்டால் ஆட்சியாளர்கள் மெல்ல மாறுவார்கள் என்பதே அவர்கள் சொன்ன நியாயம். அதற்கு 'ஆக்கபூர்வ ஈடுபாடு' என்று பெயரும் வைத்தார்கள். அடுத்த ஆண்டே தாய்லாந்தின் வெளியுறவு அமைச்சர் சுரின் பிட்சுவான், ஒரு நாட்டின் உள்நாட்டுப் பிரச்சினை அண்டை நாடுகளைப் பாதிக்கும்போது அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் உரிமை மற்றவர்களுக்கு வேண்டும் என்று முன்மொழிந்தார். பிலிப்பைன்ஸ் தவிர ஏறத்தாழ எவரும் ஆதரிக்கவில்லை. தலையிடாமைக் கொள்கை என்ற பழைய சுவருக்குள் எல்லோரும் திரும்பிப் போனார்கள். ஆனால் 2006-இல் ஆசியானின் தலைமைப் பொறுப்பு அகர வரிசைப்படி மியன்மாருக்கு வரவேண்டியிருந்தபோது, மேற்கு நாடுகள் கூட்டங்களைப் புறக்கணிக்கும் என்ற அச்சமும் மலேசிய, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் அரசியல்வாதிகளின் அழுத்தமும் சேர்ந்து, 2005-இல் இராணுவ ஆட்சியாளர்கள் தாங்களாகவே அதை விட்டுக்கொடுக்கும்படி ஆயிற்று. எந்தத் தீர்மானமும் அவர்களை அந்த அளவுக்கு அசைத்ததில்லை என்றே நான் நினைக்கிறேன். கௌரவத்துக்காக ஏங்கும் ஆட்சிக்கு, கௌரவம் கிடைக்கவில்லை என்பதுதான் உறைக்கிறது.

நர்கிஸ் புயலையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2008 மே 2 அன்று ஐராவதி டெல்டாவைத் தாக்கிய அந்தப் புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தும் காணாமலும் போனார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த எண்ணைப் படிக்கவே நெஞ்சு பதறுகிறது. நிவாரணப் பொருள்களோடு அமெரிக்க, பிரெஞ்சுக் கப்பல்கள் கடலில் காத்துக் கிடந்தன. தளபதிகளோ படையெடுப்பு என்று அஞ்சி அவற்றை உள்ளே விடவில்லை, அந்த அவலத்தின் நடுவிலேயே அரசமைப்புச் சட்டத்துக்கு வாக்கெடுப்பையும் நடத்தினார்கள். அப்போது ஆசியானின் பொதுச் செயலாளராக இருந்தவர் அதே சுரின் பிட்சுவான். ஆசியான், ஐக்கிய நாடுகள் சபை, மியன்மார் அரசு ஆகிய மூன்றும் சேர்ந்த குழு ஒன்று அமைந்த பிறகுதான் வெளிநாட்டு உதவியாளர்கள் டெல்டாவுக்குள் போக முடிந்தது. உள்ளே சேர்த்துக்கொண்டதில் ஏதேனும் பயன் உண்டென்றால் அது இந்த இடத்தில் வெளிப்பட்டது என்பதை நீங்களும் மறுக்க மாட்டீர்கள்.

2011-க்குப் பின் வந்த சீர்திருத்தங்களை ஆசியானின் வெற்றி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொருளாதாரத் தடைகளின் சுமை, சீனாவை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய நிலை, 2008 அரசமைப்பின்படி நாடாளுமன்றத்தில் நான்கில் ஒரு பங்கு இடங்கள் எப்போதும் இராணுவத்துக்கே என்ற பாதுகாப்பு ஆகியவற்றை எடைபோட்டுத்தான் தளபதிகள் கதவைத் திறந்தார்கள். 2014-ஆம் ஆண்டின் தலைமை உங்களுக்கே என்று 2011 நவம்பரில் பாலியில் ஆசியான் தலைவர்கள் சொன்னது அந்தத் திறப்புக்கு ஓர் ஊக்கமாக இருந்திருக்கலாம். அதற்கு மேல் உரிமை கொண்டாட இடமில்லை.

2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது, திறந்திருந்த கதவு அடைபட்டது. ஏப்ரல் 24-இல் ஜகார்த்தாவில், ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி மின் ஆங் லைங்கையும் உட்கார வைத்து, ஆசியான் தலைவர்கள் ஐந்து அம்சங்களில் உடன்பாடு கண்டார்கள்: வன்முறையை உடனே நிறுத்துவது, எல்லாத் தரப்பும் பேசுவது, சிறப்புத் தூதர் நடுவராக இருப்பது, மனிதாபிமான உதவி, தூதர் எல்லாத் தரப்பையும் சந்திப்பது. எதற்கும் கெடு இல்லை, மீறினால் என்ன என்பதும் இல்லை. ஊர் திரும்பியதும், நாட்டில் அமைதி ஏற்பட்ட பிறகு அவற்றைப் பரிசீலிப்பதாக அந்தத் தளபதி நழுவினார். கைதுசெய்யப்பட்டிருந்த மக்களாட்சித் தலைவர் ஆங் சான் சூகியைச் சந்திக்கத் தூதருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த அக்டோபரில் உச்சி மாநாட்டுக்குத் தளபதியை அழைக்காமல், அரசியல் சாராத ஒரு பிரதிநிதியை மட்டும் அனுப்பலாம் என்று ஆசியான் முடிவெடுத்தது. மியன்மாரின் இடம் காலியாகவே இருந்தது. 2022 ஜூலையில், கம்போடியப் பிரதமர் ஹுன் சென் எழுதிக் கேட்டும் பொருட்படுத்தாமல், ஆட்சியை எதிர்த்த நான்கு பேரைத் தளபதிகள் தூக்கிலிட்டார்கள். கெஞ்சுவதற்கு மதிப்பில்லை என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. 2026-இல் மியன்மாருக்கு வரவேண்டிய தலைமையைப் பிலிப்பைன்ஸுக்குக் கொடுப்பதென்று 2023-இல் எடுத்த முடிவை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

'அது அவர்கள் உள்நாட்டு விவகாரம்' என்ற சொற்றொடர், இலங்கை அகதிகள் முகாம் உள்ள இந்த மண்டபத்தில் இருப்பவனுக்கு ஒருநாளும் பொருந்தாது. 1983-க்குப் பிறகு இங்கே வந்திறங்கிய படகுகளை நாம் இருவருமே பார்த்தோம். 2022-இல் இலங்கையில் அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போனபோது அரிச்சல்முனை மணல்திட்டில் மறுபடியும் குடும்பங்கள் வந்து இறங்கின. முகாம் வாசலுக்கு அருகில் ஒரு பெண் பாலித்தீன் பையைப் பிரித்து, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகத் தன் முந்தானையில் ஒற்றி, காற்றில் பறக்காமல் கல் வைத்து உலர்த்திக்கொண்டிருந்தார். கொழும்பில் எடுத்த தவறான முடிவுகளுக்கு அந்தப் பிள்ளைகள் என்ன செய்ய முடியும்? மிசோரமும் இதே நிலையில்தான் இருக்கிறது. மியன்மாரிலிருந்து எல்லை தாண்டி வந்த சின் இன மக்களைத் தடுத்து நிறுத்தும்படி 2021 மார்ச்சில் தில்லி சொல்லியும், இவர்கள் எங்கள் உறவினர்கள் என்று அந்த மாநிலம் அடைக்கலம் கொடுத்தது.

நம் நாட்டைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. 1988-இல் மியன்மாரில் இராணுவ ஆட்சியை எதிர்த்துப் போராடிய மாணவர்கள் பக்கம் வெளிப்படையாக நின்ற இந்தியா, வடகிழக்கின் பாதுகாப்பையும் சீனாவையும் எண்ணி 1993 முதல் தளபதிகளோடு கைகுலுக்கத் தொடங்கியது. 1,643 கிலோமீட்டர் எல்லை உள்ள நாடு பேச்சை முறித்துக்கொள்ள முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இராணுவத்தோடு மட்டுமே பேசுவது என்பது வேறு. எல்லையின் பெரும்பகுதி இன்று அந்த இராணுவத்தின் கையில்கூட இல்லை. 2025 ஏப்ரலில் மலேசியப் பிரதமர் அன்வர் இப்ராஹிம் பாங்காக்கில் மின் ஆங் லைங்கைச் சந்தித்து, மறுநாளே எதிர்த்தரப்பான தேசிய ஒற்றுமை அரசின் பிரதமரோடும் காணொளியில் பேசினார். தில்லியும் துணிந்து செய்யக்கூடியது அது. அதோடு, சூகியைச் சிறையிலும் அவர் கட்சியைத் தடையிலும் வைத்துக்கொண்டு நடத்தும் எந்தத் தேர்தலையும் அண்டை நாடுகள் ஏற்கக் கூடாது. மீண்டும் நாற்காலி கொடுக்க ஒரு சாக்காக அதை அவர்கள் எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்பதே இப்போது என் கவலை.

மியன்மாரின் மோல்மேன் நகரில் உங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் குடும்பம் இன்னும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். 2024-இல் கட்டாய இராணுவச் சேவையை நடைமுறைப்படுத்திய பிறகு அவருடைய மகன் எங்கே இருக்கிறான்? தாய்லாந்துப் பக்கம் போய்விட்டானா, இல்லை ஊரிலேயே ஒளிந்திருக்கிறானா? செய்தி ஏதும் வந்தால் எனக்கு உடனே எழுதுங்கள். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள்,
காதர் மைதீன்