மனநல நர்சிங் படிக்கப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் மனநல நர்ஸ் பிராக்டிஷனர் எனப்படும் மேற்படிப்பு முடித்த நர்ஸ் மருந்து எழுதித் தரலாம். அதற்கு முதுகலைப் படிப்பு, மேற்பார்வையில் நூற்றுக்கணக்கான மணி நேரப் பயிற்சி, தேசியத் தேர்வு எல்லாம் வேண்டும். இங்கே எம்.எஸ்சி. மனநல நர்சிங் முடித்தாலும் அந்த அதிகாரம் வராது. வரும் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை கிருஷ்ணகிரி, தர்மபுரி பெற்றோர்கள் தயவுசெய்து நம்ப வேண்டாம்.

இங்குள்ள வழி வேறு. பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு, அதில் 55 சதவீதம், மாநில நர்சிங் கவுன்சில் பதிவு, ஓராண்டுப் பணி, பிறகு எம்.எஸ்சி. 2 ஆண்டு. பணிச் சான்றில் சேர்ந்த நாள், விலகிய நாள் இரண்டும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ஓசூர் தாண்டினால் பெங்களூரு நிம்ஹான்ஸ் (மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனம்). அங்கே மனநல நர்சிங்கில் ஓராண்டு டிப்ளமோவும் உண்டு. கர்நாடகத்தில் பி.எஸ்சி. படித்தவர்கள் இங்கே வேலை பார்க்க நர்சிங் கவுன்சில் பதிவைத் தமிழ்நாட்டுக்கு மாற்றியாக வேண்டும். 2017 மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்திலும் பதிவு உண்டு.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுகளில் மனநல நர்சிங் படித்தவர்களுக்கென்றே பணியிடம் ஒதுக்க வேண்டும். ஏனென்றால், லித்தியம் என்ற மனநல மருந்தைச் சாப்பிடுபவருக்கு வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம் வந்தால், அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே டாக்டரை அழைத்து ரத்தத்தில் அந்த மருந்தின் அளவைப் பார்க்க வைப்பது இந்த நர்ஸ்தான்.

— மனநல நர்சிங் பயிற்றுநர்கள், கிருஷ்ணகிரி