கணக்கு எழுத யாரை வைப்பது?

வளசரவாக்கம்,
சென்னை.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மூத்தவள் மாற்றலாகி பெங்களூருக்குப் போய்விட்டாள். என் முழங்கால் மாடி ஏறமாட்டேன் என்கிறது, அதனால் கம்பெனி ஆபீஸைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டேன். பழைய பில் கட்டுகளை மட்டும் மாடியிலேயே வைத்திருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் பேரேடுகள் ஊறிக் கூழானதை நீயும்தானே பார்த்தாய். ஜிஎஸ்டிக்காரன் 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறான். வெள்ளம் வந்தது என்று சொல்லித் தப்ப முடியுமா என்ன?

நீயும் தங்கச்சியும் நடத்தும் அப்பளக் கடையின் வருஷ விற்பனை 40 லட்சத்தை நெருங்குகிறது என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஒன்றைக் கவனி. அப்பளத்துக்கு வரியே இல்லை, முறுக்கும் மிக்சரும் விற்றது மட்டும்தான் கணக்கு என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். அப்படி இல்லை. 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும், அதைப் பார்க்கும்போது வரியில்லாத சரக்கின் விற்பனையும் அந்த 40 லட்சத்தில் சேரும். அதனால் கணக்கு எழுத ஆள் தேடுவதைத் தள்ளிப்போடாதே.

ஆடிட்டர் இருக்கும்போது தனியாக ஆள் எதற்கு என்று கேட்டிருந்தாய். ஆடிட்டர் வருஷக் கடைசியில் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். தினம் என்ன வந்தது, யாருக்குக் கொடுத்தோம், யார் பாக்கி என்று எழுதுவது வேறு ஆளின் வேலை. நம் ஊரில் பாதிக் கடைக்காரர்கள் மாசம் ஒருமுறை பில்லையெல்லாம் மஞ்சப்பையில் போட்டு ஆடிட்டர் ஆபீஸில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அங்கே யாரோ ஒரு பையன் எண்ட்ரி போடுவான். அவனுக்கு உன் கடையும் தெரியாது, உன் பார்ட்டிகளையும் தெரியாது. புரியாததை 'சஸ்பென்ஸ்' கணக்கில் தள்ளிவிடுவான். கணக்கு டேலி ஆகும், உனக்குத்தான் ஒன்றும் விளங்காது.

கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் தெரியுமா என்று கேட்டு ஆள் எடுக்காதே. டேலி இன்று எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் நான் ஆள் தேடியபோது வந்தவர்களுக்கு ஒரு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் பர்ச்சேஸ் பில்களையும் கொடுத்து உட்கார வைத்தேன். அந்த நேரத்துக்குக் கூலியும் கொடுத்தேன், அது நியாயம். ஒருவர் மதியத்துக்குள் முடித்து, "எல்லாம் சரியா இருக்கு சார்" என்றார். ஒரு அம்மா சாயங்காலம் வரை உட்கார்ந்து, ஒரு பக்கம் முழுக்கக் கேள்வியோடு வந்தார். இந்த பில் 2பி-யில், அதாவது சப்ளையர்கள் காட்டிய பில்களை ஜிஎஸ்டி தளம் நமக்குத் தரும் பட்டியலில் வரவில்லை, சப்ளையர் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாரா? இந்த ஜிபே உங்கள் வீட்டுச் செலவா, கம்பெனிச் செலவா? ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 14,000 ரொக்கமாகக் கொடுத்திருக்கிறீர்களே, 10,000-க்கு மேல் போனால் வருமான வரியில் செலவாக ஏற்கமாட்டார்களே? எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. அவரைத்தான் வைத்தேன்.

2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதம் மாறியதே, என் கம்பெனி விற்கும் அட்டைப்பெட்டிக்கு 12 விழுக்காடு 5 ஆனது. நான் செய்தியைப் பேப்பரில் படித்துக்கொண்டிருந்தபோதே அந்த அம்மா போன் பண்ணி, பழைய விகிதத்தில் போன பெட்டி திரும்பி வந்தால் பில்லைக் குறைத்துக் கொடுக்கும் கிரெடிட் நோட்டும் பழைய விகிதத்தில்தான் போட வேண்டும், கடைப் பையன்களிடம் சொல்லிவையுங்கள் என்றார். கேட்காமலே இப்படிச் சொல்கிற ஆள் கிடைப்பது அபூர்வம்.

உன் கடைக்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறேன், வருகிறவர்களிடம் கேட்டுப் பார். அப்பளத்துக்கு வரி இல்லை, மிக்சருக்கு 5 விழுக்காடு. இரண்டையும் ஒரே பேக்கிங் மெஷினில்தான் போடுகிறோம். மெஷினுக்குக் கட்டிய 18 விழுக்காட்டை முழுசாக இன்புட் எடுக்கலாமா, அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாமா? தாராளமாக எடுக்கலாம் என்கிறவரை காபி கொடுத்து அனுப்பிவிடு. வரியில்லாத விற்பனையின் பங்குக்கு ஏற்ப இன்புட்டைக் குறைக்க வேண்டும், எவ்வளவு என்று ஆடிட்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்கிறவரை உட்கார வை.

தங்கச்சியின் அண்ணன் பையன் பி.காம். முடித்துச் சும்மா இருக்கிறான் என்று எழுதியிருந்தாய். நல்ல பையன்தான். ஆனால் தப்பு செய்தால் நீ திட்ட முடியுமா? திட்டினால் அடுத்த கல்யாணத்தில் உன்னோடு யார் பேசுவார்கள்? அவனைக் கடையில் போடு, கணக்கில் வேண்டாம். கணக்கு எழுதுகிறவர் யாராக இருந்தாலும் கல்லாவும் செக் புத்தகமும் அவர் கையில் இருக்கக் கூடாது. கொத்தவால்சாவடியில் உளுந்துக்குப் பணம் கொடுப்பது நீ, எழுதுவது அவர்.

இன்னொன்று, இதை மறக்காதே. பதிவு எடுக்கும்போது உன் மொபைல் எண்ணையும் உன் மெயிலையும்தான் போட வேண்டும். "என் நம்பரைப் போட்டுக்கறேன் சார், ஓடிபி தொல்லை உங்களுக்கு எதுக்கு" என்று இனிமையாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிரிண்டிங் பிரஸ்காரர் அப்படி விட்டுவிட்டு, அந்த ஆள் வேலையை விட்டுப் போனதும் தன் ஜிஎஸ்டி கணக்குக்குள் தானே போக முடியாமல் திண்டாடினார். ரிட்டர்ன் தள்ளிப்போனால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம், வரி பாக்கிக்கு 18 விழுக்காடு வட்டி. போனவரா கட்டப்போகிறார்?

முழு நேர ஆள் உனக்கு இப்போது தேவையில்லை. வருஷ விற்பனை 5 கோடி வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடலாம், நடுவில் வரும் இரண்டு மாதமும் 25-ஆம் தேதிக்குள் பணம் கட்டினால் போதும். வாரம் ஒரு நாள் வருகிற பார்ட் டைம் ஆள் தாராளம். அப்படி வருகிறவர் ஐந்தாறு கடை பார்ப்பார். அதில் ஒரு கடைக்காரரிடம் நேரில் போய்ப் பேசு, அவர் வேலையை விட்டுவிட்டு வந்த கடை என்றால் இன்னும் நல்லது.

அந்த அம்மாவிடமே கேட்டுப் பார்த்தேன். நங்கநல்லூர் தூரம்தான், ஆனால் வியாழக்கிழமை காலியாம். சம்பளம் நீயே பேசிக்கொள், நான் நடுவில் வரமாட்டேன். போன மாதத்து பில்களை ஒரு கவரில் போட்டுத் தயாராக வை. அடுத்த வியாழன் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். தங்கச்சியிடம் எனக்கும் சாப்பாடு உண்டு என்று சொல்லிவிடு.

அன்புடன்,
ரவி