எனக்கு எத்தனை வயது என்று முடிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள்

அமெரிக்கக் காங்கிரஸின் வரிக் குழுக்களில் இருக்கும் ஐயாமார், அம்மாமார் எல்லோருக்கும் நியூ ஜெர்சியிலிருந்து வணக்கம். தமிழில் எழுதினால் அவர்களுக்கு எப்படிப்பா புரியும் என்று மகள் கேட்டாள். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவது முப்பது வருஷமாக எனக்கும் புரியவில்லையே, சரிக்குச் சரி என்றேன்.

மருத்துவச் சேமிப்புக் கணக்கில் நான் ஒழுங்காகப் போட்ட பணத்தை உங்கள் விதி பின்தேதியிட்டுத் தவறாக்கிவிட்டது, அந்தப் புகார்தான் இந்த மடல். அதற்கு முன் என் வயது விவகாரம். 1959 ஐப்பசியில், அடைமழையில், கூரை ஒழுகிக்கொண்டிருந்த ராத்திரியில் நான் பிறந்ததாக அம்மா சொல்வாள். 1964 ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஐந்து வயது நிரம்பவில்லை. ஹெட்மாஸ்டர் வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார், எப்படியோ எக்கித் தொட்டுவிட்டேன், அவரும் பிறந்த தேதி பிப்ரவரி 2 என்று எழுதிக்கொண்டார். பாஸ்போர்ட், கிரீன் கார்டு எல்லாவற்றிலும் அவர் போட்ட தேதிதான். ஆக, எனக்கு ஏற்கனவே ரெண்டு பிறந்தநாள்.

2022 டிசம்பரில் நீங்கள் நிறைவேற்றிய செக்யூர் 2.0 சட்டம் அதற்கு மேல் ஒரு குழப்பத்தைச் சேர்த்தது. ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து கட்டாயமாகப் பணம் எடுக்கத் தொடங்கும் வயதை முதலில் 73 ஆகவும் பிற்பாடு 75 ஆகவும் உயர்த்தினீர்கள். யாருக்கு எது என்று பிரிக்கும்போது 1959-இல் பிறந்தவர்கள் ரெண்டு பக்கத்திலும் விழுந்துவிட்டோம். எழுத்துப்படி 73-உம் எங்களுக்குத்தான், 75-உம் எங்களுக்குத்தான். 73 என்று வைத்துக்கொள்ளலாம் என வரித்துறையான ஐஆர்எஸ் 2024 ஜூலையில் முன்மொழிந்தது. ஹெட்மாஸ்டருக்கு இதற்கு ஒரு நிமிஷம்தான் ஆயிற்று.

அதே சட்டத்தில் இன்னொரு கூத்து. 50 வயது தாண்டியவர்கள், கம்பெனி வழியாக ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்கும் 401கே கணக்கில் கூடுதலாகப் போடும் கேட்ச்-அப் தொகையை, சம்பளம் அதிகம் உள்ளவர்கள் வரி கட்டிய பணமாக ரோத் பகுதியில்தான் போட வேண்டும் என்று மாற்றப் போய், கேட்ச்-அப்புக்கு இடம் கொடுக்கிற சட்ட வாசகத்தையே அடித்துவிட்டீர்கள். அதன்படி பார்த்தால் 2024 முதல் ஒருவருமே கேட்ச்-அப் போடக்கூடாது. அப்படியெல்லாம் இல்லை, போடலாம் என்று 2023 ஆகஸ்டில் ஐஆர்எஸ் சொல்லி, ரோத் விதிக்கும் ரெண்டு வருஷம் அவகாசம் கொடுத்தது. கடைசியில் இந்த 2026-இல்தான், போன வருஷம் ஒரே நிறுவனத்தில் 1,50,000 டாலருக்கு மேல் சம்பளம் வாங்கியவர்களுக்கு, அது அமலுக்கு வந்திருக்கிறது.

அப்புறம், பெற்றவர்கள் இறந்தபின் பிள்ளைகளுக்கு வந்து சேரும் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலக் கணக்கு. பத்து வருஷத்துக்குள் காலி செய்யச் சொல்லி 2019 டிசம்பரில் சட்டம் போட்டீர்கள். அப்பா கட்டாய வயதைத் தாண்டி இறந்திருந்தால், அந்தப் பத்து வருஷமும் வருஷாவருஷம் கொஞ்சம் எடுக்க வேண்டுமா, கடைசியில் மொத்தமாக எடுத்தால் போதுமா? வருஷாவருஷம் எடுக்க வேண்டும் என்று இறுதி விதி வந்தது 2024 ஜூலையில். அதுவரை எடுக்காமல் விட்டவர்களுக்கு அபராதம் இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள். நல்லதுதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. விதி எழுதியவர்களுக்கே நாலரை வருஷம் பிடித்திருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன், ஏனென்றால் எனக்குக் கிடைத்த அவகாசம் மைனஸ் ஆறு மாதம்.

அதைச் சொல்லத்தான் இந்த மடல். மருத்துவச் செலவுக்காக வரிச்சலுகையோடு சேமிக்கும் எச்எஸ்ஏ கணக்கு வைத்திருக்கிறேன். (எங்கள் மாநிலம் தன் வருமான வரிக்கு இந்தக் கணக்கை ஏற்பதே இல்லை, அது தனிப் புலம்பல்.) 65 தாண்டியும் வேலையில் இருந்ததால், அந்த வயதில் கிடைக்கும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேராமல், கம்பெனிக் காப்பீட்டிலேயே இருந்துகொண்டு, 2025-க்கான உச்சவரம்பு 4,300 டாலரையும் 55 வயதுக்கு மேல் அனுமதிக்கும் ஆயிரத்தையும் சேர்த்து 5,300 டாலரை நவம்பர் சம்பளத்துக்குள் போட்டு முடித்தேன். டிசம்பரில் அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டிக்கு விண்ணப்பித்தேன். அதோடு மெடிகேரின் ஆஸ்பத்திரிப் பகுதியான பார்ட் ஏ ஒட்டிக்கொண்டு வரும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. வந்தது டிசம்பரிலிருந்து அல்ல, ஆறு மாதம் பின்னால் போய் ஜூனிலிருந்து. மெடிகேர் இருக்கும் மாதத்தில் எச்எஸ்ஏ-வில் பணம் போடும் தகுதி கிடையாது. ஆக, ஜூனில் நான் ஒழுங்காகப் போட்ட பணம் டிசம்பரில் தவறாகிவிட்டது.

ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தகுதி உள்ளது ஐந்து மாதம். 5,300-ஐப் பன்னிரண்டால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் 2,208 டாலர் 33 சென்ட். மீதி 3,091 டாலர் 67 சென்ட் அதிகப்படி. வரி தாக்கல் கெடுவுக்குள், அது ஈட்டிய லாபத்தோடு சேர்த்து வெளியே எடுக்க வேண்டும், விட்டால் எடுக்கும்வரை வருஷத்துக்கு 6 சதவீதம் தண்டம். கம்பெனியில் இதைப் பார்க்கும் பெண்ணிடம் கேட்டேன். ஆறு மாதம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டுமே சார், தெரியாதா என்றாள். நான் டிசம்பரில் விண்ணப்பிப்பேன் என்று மே மாதம் எனக்கே தெரியாதம்மா.

2025 ஜூலை 4-இல் கையெழுத்தான பெரிய சட்டத்தில் எச்எஸ்ஏ-வுக்கு நல்லதும் செய்தீர்கள், மறுக்கவில்லை. 2026 முதல், அரசின் காப்பீட்டுச் சந்தையில் வெண்கலத் (Bronze) திட்டம் வாங்குகிறவர்களும் இந்தக் கணக்கு தொடங்கலாம். மாதம் 150 டாலர் வரை கட்டி ஒரு டாக்டரை நேரடியாக வைத்துக்கொண்டாலும் தகுதி போகாது. வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் சலுகை நிரந்தரமாகிவிட்டது. ஆனால் அதே மசோதா 2025 மே மாதம் கீழவையைத் தாண்டியபோது இன்னொரு பிரிவும் அதில் இருந்தது: வயது காரணமாகப் பார்ட் ஏ வந்தவர்கள், உயர் கழிவுத் திட்டக் காப்பீடு (செலவில் முதலில் ஒரு பெரிய தொகையை நாமே கட்டும் வகை) இருந்தால், தொடர்ந்து எச்எஸ்ஏ-வில் போடலாம் என்று. கணவன் மனைவி ரெண்டு பேரின் கேட்ச்-அப்பையும் ஒரே கணக்கில் போட்டுக்கொள்ளலாம் என்றும் இருந்தது. செனட்டுக்குப் போய்த் திரும்பி வந்த சட்டத்தில் ரெண்டையும் காணவில்லை. கல்யாணச் சாப்பாட்டில் எனக்கு முந்தின இலையோடு பாயசம் தீர்ந்த மாதிரி.

அந்தப் பார்ட் ஏ பிரிவைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எனக்கு இனி உபயோகம் இல்லை, வேலையை விட்டாயிற்று. என் பழைய கம்பெனியில் 63, 64 வயதில் இன்னும் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். அது முடியாது, செலவாகும் என்றால் ஒரு சின்ன வேலையாவது செய்யுங்கள்: ஆறு மாதம் பின்தேதியிடுவதால் வரும் அதிகப்படிக்குத் தண்டம் கிடையாது என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் பிழைக்கு நீங்கள் எடுத்துக்கொண்ட அவகாசத்தில் ஒரு துளி போதும்.

1959-காரர்களின் வயதையும் சட்டத்திலேயே திருத்திவிடுங்கள். சான்றிதழ்படி எனக்கு 73 ஆவது 2032 பிப்ரவரியில். இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது.

இப்படிக்கு,
3,091 டாலரைத் திரும்ப எடுக்கப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும் ஒருவன்